முள்வேலியின் மேல் ஒரு போர்வை

ஜமீலாவுக்குப் பயம் கூடவே பிறந்தது. முகப்பேரில் அவள் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் பிரசவ வார்டு நான்காவது மாடியில். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் படியேறித்தான் போகிறாள். லிப்டில் கால் வைத்ததில்லை. இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். பிரசவ அறைக்குள் மட்டும் அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் டாக்டர் ரேஷ்மா அவளைக் கேட்டார்.

ரேஷ்மா ஒரு நிவாரணக் குழுவோடு வருடா வருடம் வங்கதேசத்துக்குப் போய் வருபவர். பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா மக்கள் அங்கே காக்ஸ் பஜார் பக்கம், மலைச்சரிவுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடிசை போட்டு வாழ்கிறார்கள். பெண்கள் பிரசவத்துக்கு ஆண் மருத்துவரிடம் வரமாட்டார்கள், நல்ல நர்ஸ் ஒருத்தி வேண்டும், ஒரு மாதம் வருகிறாயா என்று கேட்டார். ஜமீலா யோசிக்கும் முன்பே தலையாட்டிவிட்டாள். பூந்தமல்லி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், பிளேனில் போக வேண்டும் என்பதே அவளுக்கு உறைத்தது.

அவள் கணவர் தஸ்தகீர் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் வேன் ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“லிப்டு ஏறவே பயந்துகினு கீற. நீ இன்னாத்துக்கு பிளேன் ஏறப் போற?”

“வாயில வந்துட்ச்சு. இப்போ மாட்டேன்னு எப்டி சொல்றது?” என்றாள். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை.

பிளேனில் கண்ணை மூடிக்கொண்டே போய்ச் சேர்ந்தவளுக்கு, முகாமில் முதலில் வந்தது மனிதர்களைப் பற்றிய பயம். திருட்டு, கத்திக்குத்து என்று வாட்ஸப்பில் படித்ததெல்லாம் மனசில் கிடந்தது. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள். மதியத் தொழுகைக்குப் பெண்கள் வரிசையாக நின்றபோது பக்கத்துப் பெண்ணிடமிருந்து ஒரு சாண் தள்ளி நின்றாள். அந்தப் பெண் நகர்ந்து வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றாள். மறுநாளும் ஜமீலா விலகினாள், அவளும் நகர்ந்து வந்தாள். அந்தப் பெண்ணின் பெயர் மினாரா. நிறைமாத மருமகள் செனுவாராவைப் பரிசோதனைக்கு அழைத்து வருபவள். இருவருக்கும் அரைகுறை இந்தி தெரியும். அதில் பேசிக்கொண்டார்கள்.

செனுவாராவுக்கு வலி எடுத்த அன்று ரேஷ்மா அடுத்த முகாமுக்குப் போயிருந்தார். வெயில் கொளுத்தியது, காற்றும் பலமாக இருந்தது. தலை இறங்கி, இன்னும் கொஞ்ச நேரத்தில் குழந்தை வந்துவிடும் என்ற நிலையில் மருத்துவக் கொட்டகையின் ஜன்னல் வழியே கரும்புகை தெரிந்தது. எங்கோ ஒரு கேஸ் சிலிண்டர் வெடித்தது. அடுத்து இன்னொன்று, முன்னதைவிடப் பக்கத்தில்.

ஜமீலா வாசலுக்கு ஓடினாள். மேட்டின் மேலிருந்து நெருப்பு ஒவ்வொரு குடிசையாகத் தாவி இறங்கிக்கொண்டிருந்தது. மூங்கில்கள் பட்டாசு போல் வெடித்தன. கால் அசையவில்லை. உள்ளே ஒருத்தி வலியில் கத்துவது காதில் விழுந்தும் திரும்ப முடியவில்லை. பூந்தமல்லியில் இந்நேரம் தஸ்தகீர் வேனில் ஆள் ஏற்றிக்கொண்டிருப்பார், இங்கே நான் கருகிச் சாகப் போகிறேன் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

மினாரா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையில் பிரசவக் கருவிகள் இருந்த பெட்டி.

“சகோதரி, வா,” என்றாள். அவ்வளவுதான்.

தலையில் மூட்டையோடு ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஆண்களை மினாரா கூப்பிட்டாள். அவர்கள் மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு வந்து, செனுவாராவைத் தார்ப்பாயில் கிடத்தித் தூக்கினார்கள். அந்த மூட்டைகளை அவர்கள் மறுபடி பார்க்கவில்லை.

சரிவின் அடியில் முகாமைச் சுற்றிப் போட்ட முள்வேலி. கதவு வெகு தொலைவில். கூட்டம் வேலியில் முட்டி நின்றது. புகையில் மூச்சுத் திணறியது. ஜமீலா, உயிர் பிரியும்போது சொல்லும் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்தாள். இதுதான் கடைசி என்று நிச்சயமாக நம்பினாள். சுற்றிலும் அதே வார்த்தைகள் கேட்டன. அவளுக்குப் புரியாத மொழி பேசிய அத்தனை பேரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ ஒரு கிழவர் கக்கத்தில் இடுக்கியிருந்த போர்வையை எடுத்து முள்ளின் மேல் போட்டார். பின்னாலிருந்து இன்னொரு போர்வை வந்தது, ஒரு பாய் வந்தது. வீடு எரிந்துகொண்டிருக்க, கையில் எடுத்து வந்தது அது ஒன்றுதான் என்றிருந்தவர்கள் கொடுத்தவை. இரண்டு பேர் கம்பியை மிதித்து அழுத்தினார்கள். எல்லோரும் ஜமீலாவைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

“நீ முதலில் போ. நீ எங்கள் விருந்தாளி,” என்றாள் மினாரா.

முடியாது, குழந்தைகள் போகட்டும் என்றாள் ஜமீலா. அதற்கு நேரமில்லை. கிழவர் அவள் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அப்புறம் தலைக்கு மேலாகச் செனுவாராவை இறக்கினார்கள்.

வேலிக்கு அப்பால், வயல் வரப்பில் குழந்தை பிறந்தது. சுற்றிப் பெண்கள் தங்கள் துப்பட்டாக்களைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். குழந்தை அழவில்லை. உடம்பு நீலம் பாரித்திருந்தது. ஜமீலாவின் கை அன்றுதான் முதல்முறை நடுங்கியது. சளியை எடுத்து, துணியால் முதுகைத் தேய்த்தாள். திரும்பத் திரும்பத் தேய்த்தாள். ஒரு விக்கல் வந்தது, பிறகு மெலிசாக அழுகை. மினாரா அப்படியே நெற்றி மண்ணில் பட சஜ்தாவில் விழுந்தாள். அவள் வீடு அதற்குள் சாம்பலாகியிருந்தது.

அன்று சாயங்காலம் யாரோ கொடுத்த பொரியில் பாதியை மினாரா முந்தானையில் முடிந்து எடுத்து வந்து ஜமீலாவிடம் நீட்டினாள். வேண்டாம் என்றதும் முகம் வாடிப்போனது. ஜமீலா வாங்கித் தின்றாள். உதவி செய்ய வந்தவள் நான்தானா என்று அப்போது கூச்சமாக இருந்தது என்பாள்.

ஊர் திரும்பிய பிறகும் பயம் ஓயவில்லை, இப்போது அது மினாரா வீட்டாருக்காக. அங்கே மழை என்று செய்தி வந்தால் இங்கே அவளுக்குத் தூக்கம் போய்விடுகிறது. போன ஆடியில் முகாமில் மண்சரிவு என்று கேள்விப்பட்டு நாள் முழுக்க போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். லைன் கிடைக்கவில்லை. தஸ்தகீர் வேனை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் மினாராவின் குரல் பதிவு வந்தது. ஸலாமும் ஜமீலா என்ற பெயரும் தவிர தஸ்தகீருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

“நல்லாத்தான் கீறாங்களா?” என்றார்.

“கீறாங்க. குழந்த நடக்குதாம்.”

“சரி, அடுத்த வாட்டி நானும் வர்றேன். தனியா எவ்ளோதான் பயப்படுவ.”

அடுத்த பயணத்துக்கு டாக்டர் ரேஷ்மாவிடம் ஜமீலா தன் பெயரையும் அவர் பெயரையும் சொல்லியிருக்கிறாள்.