பின்சில்லுக்கு மேலே இருந்தவர்

அபூசாலி சாச்சா மௌத்தான செய்தியைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொன்னபோது நான் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் றியாஸ் அதற்கு முன்பே அழைத்திருக்கிறார். கைபேசி குசினியில், அடுப்படியில் கிடந்தது. "கல்முனை பஸாரில் தையல்கடை வைத்திருந்த..." என்று ஒலிபெருக்கி தொடங்கியதுமே எனக்கு விளங்கிவிட்டது. மகன் வாயைத் திறந்தபடி இருந்தான். கையிலிருந்த அந்த வாய்ச் சோற்றை ஊட்டிவிட்டுத்தான் அழுதேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதியும் முடிந்துவிட்டது. சாச்சாவிடம் உடுப்புத் தைத்துப் போட்ட நீங்கள்தான் முதல் கிழமையிலேயே இதை எழுதச் சொன்னீர்கள். எழுத உட்காரும்போதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பல் முளைக்குது என்று ஏதோ ஒரு சாட்டு கிடைத்தது. உண்மையில் சாட்டைத் தேடியது நான்தான்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. பிள்ளைகள் இல்லை, சாச்சி போன பிறகு கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தனியாக இருந்தார். அவருடைய உடம்பு உங்களுக்குத் தெரியும். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் நுழைவதைப் பார்த்துச் சிரிக்கவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். "உங்களுக்கு ஆரு சாச்சா தைக்கிற?" என்று ஒருமுறை கேட்டேன். "நானேதான் மகள். வேற ஆளுட்டக் குடுத்தா கூடாரம் தைச்சுத் தருவான்" என்றார்.

அந்த உடம்புதான் எங்களுக்கு உதவியது. எங்கள் வயல் சொறிக்கல்முனைக்கு அப்பால் இருக்கிறது. வயலிலிருந்து வாய்க்கால் கட்டுக்கு ஏற ஒரு குறுகிய கிறவல்மண் ஏற்றம். வலப்பக்கம் முழுக்க வாய்க்கால். றியாஸின் கெப் பழைய டீசல் வண்டி. நாலு சில்லும் இழுக்கும்தான். ஆனால் சாமான் ஏற்றும் திறந்த பின்தட்டு வெறுமையாக இருந்தால் அந்த ஏற்றத்தில் பின்சில்லு குதிக்கும். எஞ்சினின் இழுவை அடியிலுள்ள ஸ்பிரிங் பிளேட்டுகளை முறுக்க, முறுக்கு விடும்போது சில்லு எழும்பித் தரையை அடிக்கும். தடதடவென்று வண்டி முழுதும் உதறும். முதல்முறை அப்படிக் குதித்தபோது மகன் என் மடியில் இருந்தான். நான் கத்தினேன். என் கத்தலில் றியாஸ் அக்சிலேட்டரை இன்னும் அமத்த, வண்டியின் பின்பக்கம் வாய்க்காலை நோக்கி அரக்கியது. எப்படி நின்றது என்று இன்றைக்கும் தெரியாது.

நீங்கள் கேட்பீர்கள், அப்படியானால் பிள்ளையோடு ஏன் போனாய் என்று. வீட்டுக்குள் இருந்தால் பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்து றியாஸ் வயலுக்குப் போகும்போது என்னையும் ஏற்றிப்போவார். இனி வரமாட்டேன் என்று நான் அழுதுகொண்டிருந்தபோது சாச்சா பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"பாரம் இல்லாமத்தானே குதிக்குது? என்னைவிடப் பாரம் ஊருக்குள்ள எங்க கிடக்கு? நான் பின்னால ஏறுறன்."

"ஒரு மண்மூட்டையைப் போட்டாக் காணும் சாச்சா" என்றார் றியாஸ்.

"மூட்டைக்கு வாய் இருக்கா தம்பி? குதிக்கத் தொடங்கினா 'காலை எடு'ண்டு கத்துமா அது?"

அடுத்த வெள்ளியிலிருந்து "சாச்சா, ஏறுங்க!" என்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. பின்சில்லுக்கு நேர் மேலே சம்மணம் போட்டு இருப்பார். தலையில் துவாய். சில்லு துடிக்கத் தொடங்கினால் கூரையில் ஒரு தட்டு. றியாஸ் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். அடங்கியதும் இரண்டு தட்டு, மெதுவாக ஏறுவோம். அவர் இருந்தால் வண்டி எருமைமாடு மாதிரி அமைதியாக ஏறும். நான் முன்சீட்டில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பின்னால் வெயிலில் இருக்கும் மனிதரை மறந்து, வாய்க்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகன் தவழத் தொடங்கிய காலத்தில் வண்டி மறுபடி குதித்தது. அதே ஏற்றம், அதே சாச்சா, அதே இடத்தில். அவர் தட்டத் தட்ட றியாஸ் காலை எடுத்து எடுத்து ஏறியும் அடங்கவில்லை. நாளைக்கே கராஜில் காட்டுங்கள் என்று நின்றேன். காரைதீவில் தவராசா அண்ணனிடம் போனோம். சாச்சாவும் வந்தார். தவராசா அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பிரிங், போல்ட், சொக் எல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"ஸ்பிரிங்கில ரப்பர் புஷ் கொஞ்சம் தேஞ்சு கிடக்கு, மாத்திவிடுறன். ஆனா இந்தக் குதிப்புக்கு அது காணாது தம்பி. முந்தி ஏத்தின பாரம் இப்ப குறைவா?"

"எங்கட பாரம் உங்களுக்குப் பக்கத்திலதான் நிக்குது அண்ணன், பாருங்க" என்றார் றியாஸ்.

எல்லாரும் சாச்சாவைப் பார்த்தோம். சாச்சா வயிற்றில் தட்டினார். "குறையவா? ராத்திரித் திண்ட இடியப்பம் அப்படியே உள்ளுக்கு இரிக்கு!" கராஜே சிரித்தது. அவருடைய சிரிப்புத்தான் எல்லாவற்றிலும் பெரிது. நானும் சிரித்தேன்.

குதித்தது வண்டி. ஆகவே நாங்கள் வண்டியைத்தான் காட்டினோம்.

புஷ் மாற்றி எடுத்த வெள்ளிக்கிழமை சாச்சா ஒரு யூரியா பையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். "கடையில வெட்டுத்துணி சேந்து கிடக்கு மகள். முதுகு சாய நல்லா இரிக்கும்." பின்சில்லுக்கு மேலே, தன் முதுகுப்பக்கம் வைத்துச் சாய்ந்துகொண்டார். "சாச்சாக்கு வயசு போயிட்டு" என்று நக்கல் அடித்தேன். "ஓம் ஓம். மறுகா நீ வந்து பின்னால இரி, நான் புள்ளையத் தூக்கி வெச்சிக்கிட்டு முன்னுக்கு ராசா மாதிரி வாறன்" என்றார். அன்றைக்கு வண்டி குதிக்கவில்லை. தவராசா அண்ணனின் கைராசி என்று அவருக்கு ஒரு பை மாம்பழம் அனுப்பினோம். அந்தச் சாய்மானம் அதற்குப் பிறகு வண்டியிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு முன்பே வந்து கெப்புக்குப் பக்கத்தில் நிற்பார். வேளைக்கு வந்துவிட்டார் என்று மட்டும் நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த மாதங்களில்தான் கிளினிக்கில் மகனின் நிறை கூடவில்லை. வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துவிட்டது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமாதுவின் முன்னாலேயே அழுதேன். துணைக்கு வந்திருந்த சாச்சாதான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டார். "நீ பயந்தா பாலும் வத்திடும் மகள். புள்ளைக்கு நிறை வரும். அல்லாஹ் ஒரு பக்கம் எடுத்தா ஒரு பக்கம் குடுப்பான்." வீட்டுக்கு வந்தும் அன்று முழுதும் அவரிடம் புலம்பினேன். சில நூறு கிராமுக்காக. சாப்பிடச் சொன்னபோது "வயிறு நிறைஞ்சிட்டு" என்று பாதிச் சோற்றோடு பீங்கானில் கையைக் கழுவினார். பிள்ளை எத்தனை வாய் சாப்பிடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பீங்கான் கண்ணில் படவில்லை.

கடையில் மயங்கி விழுந்த நாளில்தான் சாச்சா முதன்முதலாக எங்கள் முன்சீட்டில் இருந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் முன்னுக்கு வந்தா பின்னால பாரத்துக்கு ஆரு?" என்று சிரிக்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினார். "இவருக்கு எவ்வளவு காலமா நிறை குறைஞ்சு வருது?" நான் றியாஸைப் பார்த்தேன், றியாஸ் என்னைப் பார்த்தார். மகனுக்கு ஒவ்வொரு மாதமும் என்ன நிறை என்று கேட்டிருந்தால் நித்திரையிலும் சொல்லியிருப்பேன். ஸ்கேன் எடுத்துவிட்டு, வயிற்றில் கட்டி, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள். சில மாதம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சொல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

மையித்து அடக்கி, கத்தம் ஓதி, அவருடைய உடுப்புகளை ஏழைகளுக்குக் கொடுக்க உம்மா மடித்துக்கொண்டிருந்தா. ஒரு சேர்ட்டை உள்பக்கம் திருப்பியவ அப்படியே நிறுத்திவிட்டா. "இஞ்ச பாருகா" என்று என்னிடம் நீட்டினா. பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. எல்லாச் சேர்ட்டும் அப்படித்தான். உடுப்பு தொளதொளவென்று தொங்கியிருந்தால் யாராவது கேட்டிருப்போம். தையல்காரனுடைய உடம்பில் உடுப்பு தொங்குமா? உடம்பு சுருங்கச் சுருங்கப் பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறார். கழுத்தும் கன்னமும் வற்றியது தெரிந்திருக்கும்தான். அதைப் பார்க்க அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகுதான் றியாஸ் அந்தச் சாய்மானத்தை இறக்கப் போனார். ஒரு கையால் தூக்கப் பார்த்தார். அசையவில்லை. வாயைப் பிரித்தபோது மேலே ஒரு பிடி வெட்டுத்துணி. கீழே முழுக்கக் கடற்கரை மண். பையின் வாயை மடித்து வெள்ளை நூலால் தைத்திருந்தார், பள்ளிக்கூடச் சேர்ட்டுக்குப் போடும் அதே இரட்டைத் தையல். அந்தத் தையலுக்குக் கீழே, பிரித்த ஊசித்துளைகள் ஒரு வரிசை. அதற்குக் கீழே இன்னொரு வரிசை. திறந்து, இன்னும் கொஞ்சம் மண் போட்டு, கொஞ்சம் உயர்த்தித் தைத்து, மறுபடி திறந்து. என் மகனின் அட்டையில் நான் காணத் தவித்த ஏற்றம் அந்தப் பையில் இருந்தது.

றியாஸ் பின்தட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "கராஜில அந்த மனுசன் சரியாத்தானே கேட்டவர்" என்றார்.

எனக்குப் பயம் வரக்கூடாது என்றுதான் மறைத்தார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை; அப்படிச் சொல்வதும் ஒரு பெருமை மாதிரி ஆகிவிடும். வெள்ளிக்கிழமைப் பயணம் தன்னை விட்டுப் போய்விடும் என்றும் நினைத்திருக்கலாம். தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வண்டி எங்களுக்குச் சொன்னது. அதன் வாயை நாங்கள் புஷ் போட்டு அடைத்தோம். மிச்சத்தை அவர் மண் போட்டு அடைத்தார்.

அந்த மூட்டையை நாங்கள் இறக்கவில்லை. அவர் இருந்த இடத்திலேயே, பின்சில்லுக்கு மேலே கிடக்கிறது. அவரிலிருந்து குறைந்தது அவ்வளவும் அதற்குள் இருக்கிறது. நான் வைத்திருப்பது அதைத்தான். போன வெள்ளி ஏற்றத்தில் சில்லு துடித்தது. மூட்டை மட்டும் போதவில்லை. றியாஸ் காலை எடுத்துவிட்டு, கூரையிலிருந்து இரண்டு தட்டு வரட்டும் என்பதுபோல வெகுநேரம் நின்றார். நானும் அவசரப்படுத்தவில்லை.

இந்த மாதம் கிளினிக்கில் மகனுக்கு நிறை கூடியிருந்தது. மருத்துவமாது அட்டையில் புள்ளி வைத்து என்னைப் பார்த்துச் சிரித்தா. நான் மகனை வாங்கிக்கொண்டு, கூட வந்த உம்மாவைப் பெரிய ஆட்கள் ஏறும் தராசுக்குக் கூட்டிப்போனேன்.

"எனக்கென்னத்துக்குகா? நானென்ன புள்ளையா பெத்திரிக்கன்?" என்று உம்மா ஏசினா. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"ஏறுங்க உம்மா" என்றேன். சாச்சாவிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் சொன்ன அதே சொல். ஒருநாளும் இதற்காகச் சொன்னதில்லை.