கள வந்துச்சா?

“தலைதான் கீழே வந்துவிட்டதே, இனிக் குழந்தை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன?” கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் அன்று யாரைக் கேட்டிருந்தாலும் இதற்குப் பதில் கிடைத்திருக்காது. பாமாவுக்கும் தெரியவில்லை. ஆனால் அவளிடம்தான் கேட்கப்பட்டது. கேட்டவள் பிரசவ வலியில் இருந்த அவளுடைய அண்ணி.

பாமா மராத்தி பேசும் ஊரான கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள். அண்ணன் ஜம்பு, அப்பா வேலை பார்த்த அதே வெடிமருந்துத் தொழிற்சாலைக்குத்தான் போகிறான். பாமா லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் போய், வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஒவ்வொரு துண்டையும் அளந்து, பொருந்தாததை ஒதுக்கி வைக்கிறாள். வீட்டில் தமிழ், வெளியே மராத்தி என்று வளர்ந்ததில் இரண்டும் அவள் வாயில் ஒன்றாகக் குழைந்துவிட்டன. எந்த வார்த்தை எந்த மொழி என்று அவளுக்கே தெரியாது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணி தமிழரசிக்கு அதைக் கிண்டல் செய்யாவிட்டால் பொழுது போகாது.

“காய் வாங்கிட்டு ரிக்‌ஷா புடிக்கிறேன்னு சொல்லாம, பாஜி வாங்கிட்டு ரிக்‌ஷா பகடறேங்கிறியே, அது என்ன தமிழ் பாமா?”

“கட்கித் தமிழ் அண்ணி. நீங்க மொதல்ல மராத்தியில ரெண்டு வார்த்தை பேசுங்க. அப்பறம் சிரிங்க.”

தமிழரசிக்கு அந்த இரண்டு வார்த்தையும் வரவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்க வேண்டியவள். நீண்ட ரயில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் இங்கேயே தங்கிவிட்டாள். பிரசவ வார்டில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்றார்கள். பாமா லீவு போட்டுவிட்டு வந்தாள்.

காலையிலிருந்து வலி வயிற்றைவிட முதுகில்தான் குத்தியது. நர்ஸ் சுஷ்மா வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். தலை கீழேதான் இருந்தது. ஆனால் குழந்தையின் முதுகு தாயின் முதுகோடு ஒட்டி, முகம் முன்பக்கம் பார்த்திருந்தது. அப்போதுதான் தமிழரசி அந்தக் கேள்வியைக் கேட்டாள். பாமா அதை மராத்தியில் கேட்டு, வந்த பதிலைத் திருப்பிச் சொன்னாள்.

“புள்ள உங்க முதுகப் பாத்துட்டு, தாடைய நெஞ்சில ஒட்டிட்டு வந்தா, தலையில குறுகின பக்கம் முன்னால வருமாம். இப்படி வந்தா அகலமாயிடுதாம். எங்க கம்பெனியில இரும்புப் பின்னைத் திருப்பி வெச்சா ஓட்டைக்குள்ள போகாதே, அது மாதிரி அண்ணி.”

“என் புள்ள உனக்கு இரும்புப் பின்னா?” வலியிலும் தமிழரசிக்குச் சிரிப்பு வந்தது.

தானாகவே திரும்பிவிடும் குழந்தைகள்தான் அதிகம் என்று சுஷ்மா தைரியம் சொன்னார். தமிழரசியை நடக்கவைத்தார், கையும் முழங்காலும் ஊன்றிக் குனிந்திருக்கச் சொன்னார். மதியத்துக்குள் கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறந்துவிட்டது. இனி வலி வரும்போதெல்லாம் முக்கித் தள்ள வேண்டும்.

பக்கத்துக் கட்டில்களையும் பார்க்க வேண்டியிருந்ததால் சுஷ்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். “கள் ஆலீ கா?”

பாமா தமிழில் கேட்டாள். “அண்ணி, கள வந்துச்சா?”

“ம்ம், ரொம்ப.”

“ஹோ சிஸ்டர், ஆலீ!”

“ஜோர் லாவ்!”

“தள்ளுங்க அண்ணி!”

தமிழரசி தள்ளினாள். மறுபடி கேள்வி, மறுபடி தள்ளல். குழந்தையின் இதயத்துடிப்பு நன்றாக இருந்தது, தலைதான் இறங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார். இன்னும் சற்று நேரம் பார்க்கலாம், இறங்காவிட்டால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போனார். தமிழரசியின் கண் நிறைந்தது.

“வலியே இல்லாதப்ப எதுக்குடி தள்ளச் சொல்றீங்க? வலி வர்றப்ப எனக்குத் தெம்பே இல்ல.”

பாமா திகைத்தாள். “நீங்கதான கள வந்துச்சுன்னீங்க?”

“ஆமா. களைச்சுத்தான் போயிருக்கேன். அதத்தானே கேட்ட?”

பாமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிரசவ வலியைக் ‘கள்’ என்பது மராத்தி. கட்கியில் அதையே கேட்டு வளர்ந்தவள், அது தமிழ்தான் என்று நினைத்திருந்தாள். தமிழரசிக்கோ அது ‘களை’, அதாவது களைப்பு. களைத்த நேரத்தில் தள்ளவைத்து, வலி வந்தபோது தெம்பில்லாமல் விட்டிருக்கிறார்கள்!

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள். சுஷ்மா நெற்றியில் அடித்துக்கொண்டு வந்து, பாமாவின் கையை எடுத்துத் தமிழரசியின் வயிற்றில் வைத்தார். இது கல்லாக இறுகினால் தள்ளச் சொல், தளர்ந்தால் ஓய்வு கொடு என்றார். தமிழரசியை மறுபடி முழங்காலில் குனியவைத்தார்.

“இப்ப ஒண்ணும் பண்ணாதீங்க அண்ணி. மூச்சு விடுங்க. தண்ணி குடிங்க.” கைக்கடியில் வயிறு இறுகியது. “வலிதானே அண்ணி? வலி! இப்பத் தள்ளுங்க!”

நாலைந்து வலிக்குப் பிறகு சுஷ்மா கை விட்டுப் பார்த்தார். குழந்தை திரும்பியிருந்தது. அடுத்தடுத்த வலிகளில் தலை இறங்கியது. டாக்டர் திரும்பி வந்தபோது உச்சந்தலை முடி தெரிந்தது. ஆபரேஷன் பேச்சு அதோடு நின்றது. பெண் குழந்தை, தாயின் முதுகைப் பார்த்தபடியே வெளியே வந்து, வீறிட்டு அழுதது. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்த பிறகுதான் பாமா உட்கார்ந்தாள்.

“உன் தமிழால காரியமே கெட இருந்துச்சு,” என்றாள் தமிழரசி, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு. “ஆனா ஓடிப்போய்ச் சொன்னதும் நீதான். எம் பொண்ணுகிட்ட அதச் சொல்லி வளப்பேன்.”

இன்று எங்கள் வரிசையில் பாமாவைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் தலை நிமிர்கிறது. பாஷை தெரியாத ஊரில் பிள்ளை பெறப்போகும் பெண் உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருந்தால், அவளுக்கும் அவள் கூடப் போகிறவளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வலிக்கு அந்த ஊரில் என்ன வார்த்தை என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளட்டும்.