இரண்டு ரூபாய் பதினாலு சதம்

போன கிழமை வவுனியாவில் வங்கிக்குப் போயிருந்தேன். என் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்த பிள்ளையிடம் கேட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆகையால் எல்லோரும் என்னோடு உரத்துத்தான் கதைப்பார்கள். அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. தொகையை ஒரு சின்னத் துண்டில் எழுதி, எழுத்துக் கீழே இருக்கும்படி கவிழ்த்து, கண்ணாடியின் அடியால் தள்ளிவிட்டாள். வாசலுக்கு வரமுன்னமே கைத்தொலைபேசி கிணுங்கியது. எங்கள் சேவை எப்படி, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

கவிழ்த்த துண்டைப் பார்த்தபோது எனக்கு என்னுடைய குரல்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் எனக்கு நல்ல குரல். அறுபதுகளின் தொடக்கம் அது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குடியேற்றத் திட்டத்தில், ஊரார் காசு போட்டு எடுக்கிற ஐக்கிய நாணய சங்கத்துக்குக் கணக்கெழுதும் இலிகிதராகப் போயிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி நெல் விதைத்த குடும்பங்கள்தான் அங்கத்தவர்கள். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சங்கக் கடையின் பின்னறை, ஒரு மேசை, இரண்டு வாங்கு, ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். முன்னால் விற்கிற கருவாடும் மண்ணெண்ணெயும் பின்னால் இருக்கிற பேரேடு வரைக்கும் மணக்கும். கலியாண வீட்டுக்கு வெளுத்த சட்டை போட்டுப் போனாலும், நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதைச் சட்டையே சொல்லிவிடும்.

கரும்பலகைதான் என் பெருமை. இடது பக்கத்தில் தபால் கந்தோர் தருகிற வட்டி, வலது பக்கத்தில் நாங்கள் தருகிற வட்டி. நூறு ரூபாய்க்கு வருடத்துக்கு ஒரு ரூபாய் நாங்கள் கூட. சீட்டுப் பிடித்தால் இன்னும் கூடக் கிடைக்கும்தான், ஆனால் சீட்டுக்காரன் ஊரில் நிற்பானா என்று ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும். தபால் கந்தோரில் பெரிய தொகை எடுப்பதென்றால் விண்ணப்பம் கொழும்புக்குப் போய் வரவேண்டும். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் தபாலதிபர் திருப்பி எழுதச் சொல்வார். எங்களிடம் அந்த வில்லங்கம் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை வந்தால் வியாழக்கிழமையே காசு. வந்தவரை இருத்தி, மாடு கன்று போட்டதா என்று கேட்டுத்தான் புத்தகத்தையே வாங்குவேன். இப்படியெல்லாம் ஒப்பிட்டுக் காட்டி ஆட்களைச் சேர்க்கிறதில் எனக்குப் பெரிய எடுப்பு.

ஒவ்வொருவரின் சேமிப்புப் புத்தகத்துக்கும் ஒவ்வொரு மணம் இருந்தது. பாக்கியமக்காவின் புத்தகத்தை விரித்தால் தும்மல் வரும். அவர் அதைக் குசினியில் மிளகாய்த்தூள் பேணிக்குள் வைத்திருந்தார். ஆண்கள் கை வைக்காத இடம் அதுதானாம்.

அந்தப் பேணிக்குள் முன்பு காசே இருந்தது. முட்டை விற்றது, கச்சான் விற்றது, ஆட்டுக்குட்டி ஒன்று கொடுத்தது என்று ஆறேழு வருடமாகச் சேர்த்தது. மூத்த மகள் தேவி படிப்பில் கெட்டிக்காரி. வவுனியாவில் விடுதியில் விட்டுப் படிப்பிக்க வேண்டிய பிள்ளை என்று பள்ளிக்கூட வாத்தியார் சொல்லியிருந்தார். வருகிற தை மாதம் அனுப்புவதற்கென்றே இந்தக் காசு. தபால் கந்தோரில் போடுவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தவரை நான்தான் மறித்து, கரும்பலகையைக் காட்டிச் சங்கத்தில் சேர்த்தேன்.

சேருகிற அன்றைக்கு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, இவருக்குத் தெரியக்கூடாது. நல்ல மனிசன்தான், ஆனா கையிலை காசு நிக்காது."

"நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அக்கா," என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இலிகிதர் எழுந்து நின்று, ஒவ்வொரு அங்கத்தவரின் பெயரையும் அவர் பேரில் நிற்கிற தொகையையும் உரத்து வாசிக்க வேண்டும். எழுத்து வாசிப்புத் தெரியாதவர்களும் தங்கள் காசு பத்திரமாக இருக்கிறது என்று காதால் கேட்க வேண்டும் அல்லவா, அதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம். அது எனக்குத் தேவாரம் படிக்கிற மாதிரிப் பழகிப்போயிருந்தது. பாக்கியமக்கா சேர்ந்து ஒன்பது மாதம்தான், ஒரு கூட்டமும் கண்டதில்லை. எனக்கோ, வாசிப்பதும் சொல்வதும் ஒன்றுதான் என்று மூளையில் படவே இல்லை. நம்புங்கள், உண்மையாகவே படவில்லை.

அந்த வருடம் இன்னும் ஆட்களைச் சேர்ப்போம் என்று தலைவர் அங்கத்தவரல்லாதோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். வடையும் தேநீரும் உண்டு என்று சொல்லிவிட்டிருந்தோம். பாக்கியமக்காவின் கணவர் கணபதியண்ணர் வடைக்காக வந்து முன் வாங்கில் இருந்தார். பெண்கள் வாசற்பக்கம் நின்றார்கள். வெறுமனே பெயர் வாசித்தால் என்ன சுவை என்று நான் அதற்கு மேலே ஒரு வேலை பார்த்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களில் கூடுதலாகச் சேமித்தவரின் கணக்கை எடுத்துப் பலகையில் எழுதினேன். பெயர் பாக்கியம், தொகை இருநூற்றுப் பதினாலு ரூபாய். இதையே தபால் கந்தோரில் போட்டிருந்தால் வருடத்துக்கு என்ன வட்டி, இங்கே என்ன வட்டி என்று இரண்டையும் போட்டுக் கழித்து, வித்தியாசம் இரண்டு ரூபாய் பதினாலு சதம் என்று பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். பாக்கியமக்கா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன், மடையன்.

கணபதியண்ணருக்கு வாய் காது வரைக்கும் போய்விட்டது. தன் வீட்டுக்குள்ளேயே ஒரு பாங்கி நடக்கிறது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு பேருமாக வந்தார்கள். பின்னேரப் பேருந்துக்கு முந்திக் காசு வேண்டும் என்றார் கணபதியண்ணர். ஒரு கோபமும் இல்லை மனிதரிடம்.

"தங்கச்சியின்ரை கலியாணம், தம்பி. வீட்டிலை காசு இருக்கேக்கை வெளியிலை போய்க் கடன் படுறதே?"

அவர் கேட்டதில் பிழை பிடிக்கவும் எனக்கு வழியில்லை. பாக்கியமக்காதான் அங்கத்தவர், அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தார். கொழும்புக்கு எழுதிக் காத்திருக்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. வந்த அன்றே காசு என்று நான்தானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எண்ணிக் கொடுத்தேன். கணபதியண்ணர் சைக்கிளை எடுக்க முன்னால் போனார். பாக்கியமக்கா வாங்கிலிருந்து எழும்பவில்லை.

"தம்பி, தபால் கந்தோரிலை பேர் வாசிக்கிறவையே?"

"இல்லை அக்கா. அங்கை ஒருத்தருக்கும் தெரியவராது."

"வட்டி?"

"நூறுக்கு ஒரு ரூபாய் குறைவு."

"அது போகட்டும்," என்றார்.

தேவி தை மாதம் வவுனியாவுக்குப் போகவில்லை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கக் கூடிய வகுப்பையும் படித்து முடித்தாயிற்று. தாயோடு வயலுக்குப் போகத் தொடங்கினாள். கடைக்கு வந்தால் என்னைக் கண்டு மரியாதையாகச் சிரிப்பாள். நான் பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். அவள் சிரிக்காமல் விட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இனி வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அந்த நாட்களில் என் சம்பளத்தில் மிஞ்சுகிற பணத்தை நான் சங்கத்தில் போடவில்லை. போட்டால் என் பெயரையும் நானே எழுந்து நின்று வாசிக்க வேண்டும். தொகை தெரிந்தால் தலைவர் கைமாற்றுக் கேட்பார், ஊரில் என் தமையன்மாருக்கும் கதை போய்விடும். ஆகவே மாதம் ஒருமுறை பேருந்தேறி ஒட்டுசுட்டான் தபால் கந்தோருக்குப் போய்ச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு வருவேன்.

அப்படிப் போன ஒரு நாள் வரிசையில் நிற்கிறேன். முன்னால் யன்னலுக்கு உள்ளே தபாலதிபர் ஒரு தும்மல் தும்மினார். பிறகு இன்னொன்று. அது எனக்குத் தெரிந்த தும்மல். திரும்பிப் போய்விடலாம் என்று காலை எடுக்கமுன் பாக்கியமக்கா புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அதன் மூலைகள் நைந்து போயிருந்தன.

"கனகாலமோ, தம்பி?"

"மூண்டு வரியம் அக்கா."

அவர் யன்னலுக்கு முன்னால் எனக்கு இடம் விட்டு விலகி, பேருந்துக்கு நடந்தார். திட்டியிருக்கலாம். அன்றைக்கு நானும் அதே பேருந்தில்தான் திரும்ப வேண்டும். அடுத்த பேருந்து வரும்வரைக்கும் மரத்தடியில் இருந்தேன்.

அந்தச் சங்கம் இப்போது இல்லை. பின்னறையும் கரும்பலகையும் இல்லை. நான் எழுதிய பேரேடுகள் எந்த இடப்பெயர்வில் எங்கே கிடந்து கரையான் தின்றனவோ தெரியாது. பெயர் வாசிக்கிற வழக்கமும் போய்விட்டது, அது போனதில் எனக்குக் கவலையும் இல்லை. பாக்கியமக்கா பேணியைப் பழையபடி முட்டைக் காசிலிருந்து தொடங்கினார். இளைய மகள் வவுனியா விடுதியில் நின்று படித்து வாத்தியாராக வந்தாள், தபால் கந்தோரின் குறைந்த வட்டியில். தேவியின் காசுக்கு நான் பலகையில் இரண்டு ரூபாய் பதினாலு சதம் கூடப் போட்டிருந்தேன்.