அண்ணி ஷூவைக் கழற்றிய சனிக்கிழமை

இஞ்சியும் ஏதோ பச்சிலையும் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஒரு மரத்தொட்டியில் கொண்டுவந்து அண்ணியின் முன்னால் வைத்துவிட்டு, அந்தச் சீனப் பெண் முக்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அண்ணி தொட்டியைப் பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். குவாங்சோ நகரத்தில், ஒரு நூடுல்ஸ் கடையின் மாடியில் இருந்த மலிவான கால் மசாஜ் கடை அது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணியை எனக்குத் தெரியும். அவருடைய இடது பாதத்தை மட்டும் அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அண்ணி கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நடக்கப் பழகிய வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. அது வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை, பாதமும் சிறியது. ஷூ வாங்கும்போதெல்லாம் வெவ்வேறு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தூக்கிப் போடுவார். இடது ஷூவின் அடியில் கூடுதலாக ஓர் அடுக்கு ஒட்ட வைத்து, உள்ளே பஞ்சு திணித்து, நடையில் பெரிதாக ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொள்வார். சான் ஹோசேயில் நம்மவர் வீடு எல்லாவற்றிலும் செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதால், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தனி ஷூ ஒன்று எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும். சிப் கம்பெனியில் அவர் கீழே வேலை செய்தவர்கள் எல்லாம் மேடத்துக்கு முட்டி வலி என்றே நினைத்திருந்தார்கள். குடும்பமாகக் கடற்கரைக்குப் போனால் அண்ணி மட்டும் காரில் உட்கார்ந்து ஆபீஸ் ஃபோன் பேசிக்கொண்டிருப்பார். பல நாள் அந்த ஃபோனின் மறுமுனையில் யாருமே இருந்ததில்லை என்று அண்ணன் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அந்த வருடம் அண்ணியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சான் ஹோசேயிலேயே மண்டபம், மணவறை, ஐயர் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மணவறையில் ஷூ போட முடியாது. ஷூ இல்லாமல் நடந்தால் அண்ணியின் உடம்பு ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். ஒரு நாள் என் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்: “நீயும் உங்க வீட்டுக்காரரும் நின்னு தாரை வாத்துக் குடுத்துருங்க கண்ணு. நான் கீழ ஃபர்ஸ்ட் ரோல உக்காந்துக்கறேன்.” அண்ணன் வாதாடிப் பார்த்து ஓய்ந்துபோனார். மகள் ஓயவில்லை. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண் அவள். அம்மா மேடைக்கு வரவில்லை என்றால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்திரிகை அடிக்கக் கொடுப்பது தள்ளிக்கொண்டே போனது. வீட்டில் அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குச் சீனாவில் ஷென்சென் தொழிற்சாலையில் சில நாள் வேலை வந்தது. சன்னிவேலில் நாங்கள் வடிவமைக்கிற கருவிகள் அங்கேதான் தயாராகும் என்பதால் அடிக்கடி போய்வருவேன். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பரிசுப் பொருள் வாங்கலாம் என்று அண்ணியும் லீவு போட்டுக் கூட வந்தார். வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் தள்ளியிருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம் என்று இருவருக்கும் தெரியும். வார இறுதியில் ரயில் பிடித்துக் குவாங்சோ போனோம். மொத்த விற்பனைக் கடைகளில் காலையெல்லாம் சுற்றியதில் என் பாதம் இரண்டும் கெஞ்சின. பெரிய பாதம் வரைந்த பலகையைப் பார்த்ததும் மாடியேறிவிட்டேன். “நீ போட்டுக்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்” என்று அண்ணி பின்னாலேயே வந்தார்.

உள்ளே ஒரே வரிசையில் சாய்வு நாற்காலிகள். சீருடை போட்ட ஒருவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி, விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பாதங்களை நீட்டிக்கொண்டு டிவி பார்த்தார். பித்தவெடிப்பு, ஆணி, கறுத்த நகம் எல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் அப்படியே கிடந்தன. யாரும் யார் காலையும் பார்க்கவில்லை. அண்ணியும் மசாஜுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தது அப்போதுதான்.

வேண்டாம் என்று நான் சைகை காட்டக் கையை உயர்த்தினேன். அண்ணி என் கையைப் பிடித்து இறக்கினார். “இரு. இங்க நம்மள யாருக்குத் தெரியும்” என்றார். குனிந்து நாடாவை அவிழ்த்தார். ஷூ, பஞ்சு, காலுறை என்று ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையின் பாதம்போலச் சின்னதாக, வெயில் படாத வெளுப்போடு, விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு இருந்தது அந்தப் பாதம். பார்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துவிட்டேன். அந்தப் பெண் மற்றதை எடுத்தது போலவே இதையும் எடுத்துத் தண்ணீரில் வைத்தாள். பிறகு தன் ஃபோனில் எதையோ பேசி எங்களிடம் நீட்டினாள். எந்தக் காலில் வலி அதிகம் என்று அது இங்கிலீஷில் கேட்டது.

அண்ணி இடது காலைப் பார்த்தார். “அதுக்கென்ன, இத்தன வருஷமா சும்மாதான இருந்துச்சு. இந்த வலது காலுதான் பாவம், ரெண்டாளு வேலை செஞ்சுருக்குது. இதுக்கே நல்லாப் போடச் சொல்லு” என்றார். நான் மொழிபெயர்த்துக் காட்டியதும் அந்தப் பெண் சிரித்தாள். அண்ணியும் சிரித்தார். குறட்டை விட்டவர் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். வலது கெண்டைக்காலை அமுக்கும்போது ஐயோ அப்பா என்று முனகினார். இடது பாதத்துக்கு வந்தபோது சத்தமே இல்லை. கண்ணை மூடியபடி, “எங்கம்மா எண்ணெ தேச்சுவிட்டதுக்கப்புறம் இத ஒருத்தரும் தொட்டதில்ல கண்ணு. உங்கண்ணன்கூட” என்றார்.

கீழே இறங்கியதும் தெருவோரக் கடையில் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொண்டார். இடது செருப்பு துடுப்புபோல இருந்தது. ஷூவைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, சனிக்கிழமைச் சாயங்காலக் கூட்டத்துக்குள் சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

“நொண்டறேன்ல?”

“ஆமா அண்ணி.”

“நொண்டட்டும்.”

ஆற்றங்கரைவரை அப்படியே நடந்தோம். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மகளை அழைத்தார். அங்கே விடிந்திருக்காது என்றேன். கேட்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் எடுத்த பெண்ணிடம், “பத்திரிகை அடிக்கக் குடுத்துரு. நான் மேடைக்கு வர்றேன், வெறுங்காலோட” என்று மட்டும் சொன்னார். ஸ்பீக்கரில் அவள் சுத்தமான தமிழில், “தேங்க்ஸ்ம்மா” என்றாள். அதைவிடத் தமிழான ஒரு சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு பேச்சை மாற்றிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் ஷூவைக் கழற்றுவது வேறு, இருபது வருடமாகத் தெரிந்தவர்கள் முன்னால் கழற்றுவது வேறு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி போட வந்தவளிடம் இரண்டு கால்களையும் நீட்டினார். அப்போதுதான் பயம் போனது.

மறுநாள் காலை, பட்டுப்புடவையைக் கணுக்கால் தெரியக் கட்டிக்கொண்டு, மண்டபத்தின் கடைசியிலிருந்து மணவறைவரை நாற்காலி வரிசைகளுக்கு நடுவே அண்ணி நடந்தார். ஒவ்வோர் அடிக்கும் உடம்பு சாய்ந்து எழுந்தது. பிடித்துக்கொள்ள அண்ணன் நீட்டிய கையை வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணியின் ஆபீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார். நடை வேகமும் கூடவில்லை, குறையவுமில்லை. மகளின் கையோடு தன் கை சேர்த்துத் தாரை வார்த்தபோது தண்ணீர் ஒரே சீராக விழுந்தது.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆசீர்வாதம் வாங்க வந்தார்கள். அண்ணி அதுவரை யாரையும் தன் காலில் விழ விட்டதில்லை. தள்ளி நின்றே, மனசார இருந்தால் போதும் என்று சொல்லிவிடுவார். அன்று நகரவில்லை. மகள் குனிந்து, மருதாணி சிவந்த அந்த இரண்டு பாதங்களையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை இடது பாதத்தில் வைத்தாள். எழுந்திருக்க அவளுக்கு நேரமானது. அண்ணி காலை இழுத்துக்கொள்ளவில்லை. நேராக நிமிர்ந்து, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில், “ரெண்டு பேரும் நல்லா இருங்க” என்றார்.