நா பாஸு

ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என் மகள் படிக்கும் பள்ளியில் கூப்பிட்டார்கள். பெற்றோர்களில் நான் பேசத் தெரிந்தவள் என்று யாரோ புண்ணியவான் கிளப்பிவிட்டிருக்கிறார். மைக்கைப் பிடித்து, எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தேன். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. “நல்லா படிங்க, நல்லா சாப்பிடுங்க” என்று உளறிவிட்டு இறங்கினேன். “மானமே போச்சும்மா” என்றாள் மகள். போகட்டும். அங்கே சொல்ல வராததை இங்கே எழுதிவைக்கிறேன்.

கர்நாடகத்தில் ஹைஸ்கூல் என்றால் எட்டு, ஒன்பது, பத்து. எட்டாவதில் புதுப் பள்ளி, புது யூனிபார்ம் என்று வருஷம் ஓடிவிடும். பத்தாவதில் அரசாங்கப் பரீட்சை, அதனால் ஊரே தயவு காட்டும், வீட்டில் டிவியை நிறுத்திவைப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஒன்பதாவதுக்கு நாதி கிடையாது. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது அதுதான். பத்தாவதில் பள்ளிக்கு நல்ல பேர் வரவேண்டும் என்றால், தேறாத பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே நிறுத்திவிட வேண்டும். நான் படித்த பள்ளியில் இதை ஒளிவுமறைவு இல்லாமல் செய்தார்கள். முதல் நாளே கணக்கு வாத்தியார் வகுப்பைக் கண்ணால் ஒரு சுற்று அளந்துவிட்டு, பத்துக்குப் போகிறவர் யார், வீட்டுக்குப் போகிறவர் யார் என்பது இந்த ரூமிலேயே தெரிந்துவிடும் என்று கன்னடத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை என் மேல் நின்றது. பக்கத்தில் இருந்தவளைக் கேட்டால், “இல்லடி, என்னைத்தான் பாத்தாரு” என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அது தொண்ணூறுகளின் நடுவாந்தரம். நாங்கள் ஹெப்பகோடியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களே வரிசை முழுக்க. அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. நான் சின்ன வயதிலேயே கன்னடப் பள்ளியில் சேர்ந்ததால் கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவுக்கு அப்படி இல்லை. காவிரித் தகராறு வந்த வருஷம், வெளியில் போனால் வாயைத் திறக்காதே, தமிழ் என்று தெரிந்தால் அடிக்கிறார்கள் என்று அப்பா அம்மாவிடம் சொல்லியிருந்தார். தகராறு அடங்கிவிட்டது. அம்மா மட்டும் வாயைத் திறக்கவேயில்லை. பஸ்ஸில் தனியாக ஏறமாட்டாள். கடையில் பொருளைக் கையால் காட்டி வாங்குவாள். சாக்கு என்றால் போதும், பேடா என்றால் வேண்டாம், இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டாள்.

நான் ஒன்பதாவது போகிறேன் என்றதும் ஆளாளுக்கு யோசனை. விடியற்காலையில் எழுந்து படி, பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக்கொண்டு படி, வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும். அந்த வருஷம் நான் தின்ற வெண்டைக்காய்க்கு கணக்கு வாத்தியாரே ஆகியிருக்க வேண்டும். அப்பா சொன்னது ஒன்றுதான்.

“பெயிலானா கார்மெண்ட்ஸ்தான். ரெண்டாவது தபா அதே கிளாஸுக்கு அனுப்ப மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

வெறும் மிரட்டல் இல்லை அது. எங்கள் வரிசையில் கோடி வீட்டு அக்கா ஒரு துணி கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். அவளிடம் அப்பா பேசியே வைத்திருந்தார். “வயச கொஞ்சம் கூட்டி சொல்லிக்கலாண்ணா, ஆளு வளத்தியாத்தான கீது” என்று அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அக்கா நல்லவள்தான். எனக்கு அவளைப் பார்த்தாலே நடுங்கும். எட்டாவதோடு நின்று அந்தக் கம்பெனிக்குப் போன ஒருத்தி, எங்களோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், தெருவில் எங்களைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். நானும் அப்படித் தலை குனிந்து போவதை நினைத்தால் சோறு இறங்காது. எனக்குப் படிக்க வேண்டும். என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் தெரியாது, படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயந்துகொண்டே படித்தால் எதுவும் தங்காது. பாடத்தைப் படிப்பேன், படித்தது போய்விடுமோ என்று பயந்து மறுபடி அதையே படிப்பேன். மற்ற பாடமெல்லாம் எப்படியோ தள்ளிவிட்டேன். கணக்குப் பரீட்சையில் முதல் கேள்வி ஒரு தேற்றம். தலைகீழாகச் சொல்லத் தெரிந்த தேற்றம்தான், ஆனால் நடுவில் ஒரு வரி வரவில்லை. அடித்தேன், எழுதினேன், திரும்ப அடித்தேன். கை வியர்த்துத் தாள் நனைந்தது. அடுத்த பக்கத்தில் எனக்குத் தெரிந்த கணக்குகள் இருந்தன என்பது மணி அடித்த பிறகுதான் தெரிந்தது. மேடையில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: வராத கேள்வியை விட்டுத்தொலைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள். வெண்டைக்காயெல்லாம் அப்புறம்.

ரிசல்ட் அன்று எனக்குக் காய்ச்சல். பயக் காய்ச்சல்தான், ஆனால் உடம்பு நிஜமாகவே கொதித்தது. அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். “நீ படு, நான் போய் கேட்டுகினு வரேன்” என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா தனியாகப் பள்ளிக்கா? என் பேரையும், ஒன்பதாம் வகுப்புக்கு நான் கன்னடத்தில் சொல்லிக்கொடுத்த ‘ஒம்பத்தனே கிளாஸு’வையும் முணுமுணுத்துக்கொண்டே புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது அவள் குரல் வரிசையின் முதல் வீட்டிலேயே கேட்டது. அடுத்து இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. பாய்க்கடையில் சர்க்கரை வாங்கி, கதவு கதவாக நின்று கொடுத்துக்கொண்டு வருகிறாள். உள்ளே வந்தவள் என்னைத் தூக்கி உட்காரவைத்து ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டாள்.

“பாஸுடி! என் கண்ணு!”

என் காய்ச்சல் அந்த இடத்திலேயே இறங்கியது. அழுதேன், சிரித்தேன். எப்படிக் கேட்டாய், யார் சொன்னார்கள் என்று அவளைக் குடைந்தேன்.

“ஆபீஸ் ரூம்ல பியூன் இருந்தாரு. உன் பேரு சொன்னேன். புஸ்தகத்தப் பாத்துட்டு சொன்னாரு. பாவம், நீயே பேசற மாதிரி சொன்னாருடி.”

“என்னான்னு?”

“நா பாஸு. நா பாஸும்மா, அப்டின்னாரு.”

வாயில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்தது. எனக்கு அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நம் பேச்சில் ‘நா பாஸு’ என்றால் நான் தேறிவிட்டேன் என்று அர்த்தம். கன்னடப் பள்ளியில் ‘நாபாஸு’ என்பது ஒரே வார்த்தை. பாஸ் இல்லை. பெயில்.

“என்னாடி? ஏன் பேயறஞ்ச மாதிரி பாக்கற?”

சொன்னேன்.

“பாஸுன்னுதான்டி இருக்கு அதுல?”

“முன்னாடி ‘நா’ இருக்குதும்மா.”

வெளியில் யாரோ, “பொண்ணு பாஸாமே, எங்களுக்கு சக்கர எங்க?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அம்மா கையிலிருந்த பொட்டலத்தை மடித்தாள். “இன்னா பாஷடி இது” என்றாள். திட்டவில்லை, அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாயந்திரம் வரைக்கும் நான் சுவரோரம் உட்கார்ந்து அப்பாவின் சைக்கிள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சைக்கிளும் அப்பாவுடையதாகவே கேட்டது. கடைசியில் அவர் வந்தபோது கையில் ஜாங்கிரிப் பொட்டலம். டீக்கடையிலேயே யாரோ வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சிரித்த முகத்தோடு அவர் வீட்டுக்குள் நுழைந்து நான் பார்த்ததேயில்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். “அவ பெயிலு. நான்தான் பாஷ தெரியாம தப்பா சொல்லிட்டேன்.”

அப்பா பொட்டலத்தை அலமாரிமேல் வைத்தார். கை கால் கழுவினார். என்னைப் பார்க்கவேயில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

“கோடி வூட்ல சொல்லிடு. திங்கக்கெழம வேலைக்கு வருதுன்னு.”

“சொல்லிட்டேன்” என்றாள் அம்மா.

அம்மாவுமா?

“நான் வரேன்னு சொல்லியிருக்கேன்.”

“நீயா?” அப்பா துண்டோடு நின்றார். “உனக்கு இன்னா மிஷின் தெரியும்?”

“அவளுக்கு மட்டும் தெரியுமா? கத்துக்குடுப்பாங்களாம்.”

“பாஷ?”

“தெரியாது. அதான் ஊருக்கே சக்கர குடுத்து காட்டிட்டனே.”

“நான் வாக்கு குடுத்துட்டேன்.”

“ஒரு ஆளு வரும்னுதான குடுத்த? ஆளு வரும். அவ இன்னொரு வருஷம் அதே கிளாஸ்ல குந்தட்டும்.”

அப்பா முடியாது என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்து ஜாங்கிரிப் பொட்டலத்தைப் பிரித்து எங்கள் நடுவில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

திங்கட்கிழமை அம்மாவோடு நானும் போனேன். பள்ளி லீவுதான். ராத்திரியெல்லாம் அவள் தூங்கவில்லை என்பது பாயில் புரண்ட சத்தத்திலேயே எனக்குத் தெரியும். வழியில் என் கையை விடவேயில்லை. “பயமா கீதுடி” என்றாள். அம்மா வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. வருஷம் முழுக்க என் பயம்தான் இந்த உலகத்திலேயே பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புரியவில்லை என்றால் ‘கொத்தில்லா’ என்று சொல், தெரியாது என்று அர்த்தம், சிரித்துக்கொண்டே சொல் என்று சொல்லிக்கொடுத்தேன். கொத்தில்லா, கொத்தில்லா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கம்பெனி கேட்டில் கோடி வீட்டு அக்கா முன்னால் போய்விட்டாள். புது ஆட்களைத் தனியாக நிறுத்தினார்கள். வெளியாளுக்கு அனுமதி இல்லை என்று என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். அம்மாவின் முறை வந்தது. காவலாள் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். அவர் சத்தமாக மறுபடி கேட்டார்.

“எஷ்ட்டு ஓதிதீரம்மா?”

அம்மா சட்டென்று திரும்பி, அத்தனை பெண்களுக்கும் தலைக்கு மேலாக என்னைத் தேடினாள். சொல்லிக்கொடுத்த வார்த்தை பயத்தில் மறந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நான் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து கத்தினேன்.

“எத்தினாவது வரைக்கும் படிச்சிருக்கன்னு கேக்கறாரும்மா!”

அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அதைச் சொல்ல அவளுக்குக் கன்னடம் தெரியாது. என்னைக் கையால் காட்டினாள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், சாலை தாண்டி எனக்கும் கேட்கும்படி அந்தக் காவலாளிடம் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள்:

“நானு இல்லா. அவளு. ஒம்பத்தனே கிளாஸு.”