மூணு வீட்டுக்கும் கேட்ட "தாத்தா"

பேய், ஜின் எண்டு ஆராச்சும் கதை எடுத்தா நான் எழும்பி அடுப்பப் பாக்க குசினிக்குப் போயிருவன். ஜின் இல்லண்டு நான் சொல்லல்ல, குர்ஆன்லயே இருக்கு. ஆனா அது எங்கட களப்படிக்கு வந்து என்னத்தப் புடுங்கப் போகுது, இங்க கடிக்கிற நுளம்பக் கண்டா அதுவே ஓடிரும். அப்படிக் கதைக்கிற நான்தான் இதச் சொல்றன், நம்பினா நம்புங்க, சிரிக்கிறண்டா சொல்லி முடிச்ச பிறகு சிரிங்க.

புத்தளம் டவுண தாண்டி, கடல் தண்ணி உள்ள வந்து நிக்கிற களப்பு ஓரமா எங்கட ஒழுங்கை. யுத்தம் முடிஞ்ச பிறகு ஒரு தென்னந்தோட்டத்த துண்டு துண்டா வித்தாங்க, அதுல நாங்களும் ஒண்டு வாங்கி வீடு கட்டினம். வலப்பக்கம் சுகத், பஸ் டிரைவர், சிங்கள ஆள், எங்களோட கதைச்சுக் கதைச்சே தமிழ் பழகினவர். இடப்பக்கம் உடப்பு ஊர் ஐயா, மகள் இங்க டீச்சரா வந்ததால அவவோட வந்து இருக்கிறவர். நல்ல சனம், அல்லாஹ்வுக்காகச் சொல்றன், சொந்தத்த விட நல்ல சனம். நோம்பு காலத்துல நான் கஞ்சி அனுப்ப கொஞ்சம் பிந்தினா ஐயா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, பிள்ளை, உமக்கு இண்டைக்கு சுகமில்லையோ எண்டு என்னக் கேப்பார். சுகத்துக்கு கரண்டியே தேவல்ல, கோப்பையோட குடிப்பார்.

எங்கட ஒழுங்கையில ஒரு பகிடி இருக்கு. எங்கட வீட்டுல தாத்தா எண்டா மூத்த சகோதரி, என்ட தம்பி என்ன அப்படித்தான் கூப்பிடுவான். சுகத்தட மகளுக்கு தாத்தா எண்டா வாப்பா, சிங்களத்துல அப்படித்தானே. ஐயாட பேரனுக்கு தாத்தா எண்டா ஐயா. ஆராச்சும் ரோட்டுல நிண்டு "தாத்தா" எண்டு கூப்பிட்டா மூணு வீட்டுக் கதவும் தொறக்கும், பிறகு ஆளையாள் பாத்துச் சிரிச்சிட்டு உள்ள போவம்.

எனக்கு ஒரே மகள், ஸஹ்ரா. அப்ப ஆறு வயசு. பிறந்ததுல இருந்தே சத்தம் இல்ல அவவுக்கு. காது நல்லாக் கேக்கும், பகிடிக்குச் சிரிப்பா, ஆனா அழுதாக்கூட மூச்சு மட்டுந்தான் வரும். கொழும்புக்கும் கொண்டு போய்க் காட்டியாச்சு, இது சரிவராது, பழகிக்கோங்க எண்டுட்டாங்க. பழகிட்டம். அவ கண்ணால கதைக்கிறது எனக்கு விளங்கும்.

அண்டைக்கு நோம்பு, அஸர் தொழுதிட்டு கஞ்சி கிண்டிக்கொண்டு நிக்கன். நோம்புக் கஞ்சிய விட்டுட்டு அசைய ஏலாது, கொஞ்சம் பராக்குப் பாத்தாலும் அடிப்பிடிச்சிரும். மகள் வீட்டுக்குப் பின்னால தாராக் குஞ்சோட விளையாடுறாண்டு நினைச்சன். என்ட மாப்புள, ஸஹ்ராட வாப்பா, வேலையால இன்னும் வரல்ல. அப்பதான் கேட்டிச்சு, களப்புப் பக்கமிருந்து "தாத்தா" எண்டு. என்ட தம்பிட சத்தம், சின்னதுல விழுந்து முழங்கால உடைச்சா கடைசி எழுத்த இழுத்துக் கூப்பிடுவான், அச்சொட்டா அதே இழுப்பு. தம்பி சவூதியில இருக்கிறான், அது எனக்குத் தெரியாதா? ஆனா அந்த நேரம் மூளை வேல செய்யல்ல, கஞ்சியப் போட்டது போட்டபடி ஓடினன்.

வேலிக்கு அங்கால வந்தா சுகத் சரத்த மடிச்சுக் கட்டினபடி ஓடி வாறார், ஐயா செருப்பில்லாம வாறார். ஒரு ஆளும் ஒண்டும் கேக்கல்ல. மூணு பேரும் ஒரே பக்கம் ஓடினம்.

கண்டல் மரத்துக்கு அங்கால சேத்துக்குள்ள என்ட புள்ள, நெஞ்சு வரைக்கும் புதைஞ்சிட்டா. தாராக் குஞ்சுக்குப் பின்னால போயிருக்கா. நான் காலை வச்சன், தொடை வரைக்கும் உள்ள போயிட்டு. ஐயா என்ன இழுத்து வெளிய எடுத்தார். பழைய தகரம் ஒண்டு கிடந்துது, அதப் போட்டு சுகத் குப்புறப் படுத்து எட்டிப் பிடிச்சார், நான் அவருட காலப் பிடிக்க, ஐயா என்ட கையப் பிடிக்க, அந்நிய ஆம்புள அது இது எண்டு பாக்கிற நேரமா அது? இழுத்து எடுத்திட்டம், அல்ஹம்துலில்லாஹ். அந்த ரெண்டு மனுசனும் இல்லாட்டி இண்டைக்கு எனக்குப் புள்ள இல்ல.

மூணு பேரும் சேத்தோட இருந்து அழுறம். கொஞ்சம் மூச்சு வந்த பிறகு சுகத் என்னட்டக் கேட்டார், சிங்களத்துல தங்கச்சிக்கு நங்கி எண்டுதானே, "நங்கி, என்ட மகள் எங்க? அவதானே கூப்பிட்டது."

"உம்மட மகளா? அது என்ட பேரன்ட சத்தம்" எண்டார் ஐயா. "எனக்குத் தெரியாதா பிள்ளை?"

சுகத்தட மகள் வீட்டுல படுத்துக் கிடந்தா. ஐயாட பேரன் தாயோட சிலாபம் போயிருந்தான். நான் இரவு தம்பிக்கு கோல் எடுத்தன், அவன் வேலையில நிண்டிருக்கான், தாத்தாவுக்கு நோம்பு தலைக்கேறிட்டு எண்டு சிரிச்சான்.

சரி, மூணு பேருக்கும் காதுக் கோளாறு எண்டு வைங்க. அடுத்த நாள் மகள் எச்சில் முழுங்கவும் கஷ்டப்படுறா, சேத்துத் தண்ணி போயிருக்கும் எண்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனம். புது டொக்டர், எங்களத் தெரியாது. டோர்ச் அடிச்சுப் பாத்திட்டு என்ன ஏசுறார், "தொண்ட புண்ணாப் போயிருக்கு. இந்தளவுக்குப் புள்ளயக் கத்த விடுவீங்களா?" நான், டொக்டர், இவ பேச மாட்டா, பிறந்ததுல இருந்தே சத்தம் இல்ல எண்டன். அவர் திரும்ப டோர்ச்ச அடிச்சுப் பாத்தார். பிறகு பாணிமருந்து எழுதித் தந்தார்.

இப்ப மகள் வளந்திட்டா, என்னை விட உயரம், இன்னும் ஒரு சத்தமும் இல்ல. சுகத்தும் ஐயாவும் அவட கலியாணத்துக்கு ஆர் பந்தல் போடுறதெண்டு இப்பவே சண்ட. எல்லாம் சந்தோசந்தான். ஆனா ஒண்டு என்ட நெஞ்சுக்குள்ள கிடந்து குத்துது. அவவுக்கு ஒரே ஒருக்கா சத்தம் வந்திச்சு, அதுவும் "உம்மா" எண்டு வரல்லையே. ஒரு நாள் என்ட மாப்புளக்கிட்டச் சொல்லி அழுதன். அவர் சொன்னார், "உம்மா எண்டு கூப்பிட்டிருந்தா நீ மட்டுந்தானே ஓடியிருப்பாய்."

ஓம், அது சரிதான். ரெண்டு பேரும் அந்தச் சேத்துக்குள்ளயே போயிருப்பம். அது சரிதான் எண்டுறதுதான் எனக்குப் பயம். ஆறு வயசுப் புள்ளைக்கு அது எப்படித் தெரியும்?