பஸ்ஸின் பின் சீட்டில் தனம் அக்கா

மத்தியானம் தையல் கடைத் தொலைபேசி அடித்தது. தெங்கேராவில் நான் வேலை பார்க்கும் கடையில் போனை எடுப்பது முதலாளியம்மா மட்டும்தான். எடுத்துக் கேட்டுவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "இந்திராணி, யாரோ கண்ணனாம்" என்றார். வாங்கினேன். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலையில. ஆஸ்பத்திரியிலதான்" என்றான். "சரி, வரேன்" என்று வைத்தேன். அழுகை வரவில்லை. கையிலிருந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தால் தனம் அக்காவுக்குப் பிடிக்காது.

தனலெட்சுமி என்பது முழுப் பெயர். லூபோக் சீனா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். கணவர் இறந்த பிறகு ஒரே மகன் கண்ணனைக் கூட்டிக்கொண்டு தங்கா பத்தில் எங்கள் வீட்டு வரிசைக்கு வாடகைக்கு வந்தார். கையுறை செய்யும் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் அடிபடாமல் வீடு திரும்ப வேண்டும் என்று பெற்றோர்களை ஒன்று சேர்த்தவர் அவர்தான். அவரைத் தெரிந்த நீங்கள் படத்துக்கு மாலை போட்டுப் புகழ்ந்து பேசுவீர்கள், பேசுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லவும் ஒருத்தி வேண்டும். அது நானாக இருப்பதுதான் நியாயம்.

என் மகன் சுரேஷ் தமிழ்ப்பள்ளியை முடித்து, இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முந்திய புதுமுக வகுப்புக்குப் போன வருடம் அது. பள்ளி பஸ்ஸின் பின் சீட்டு பெரிய பையன்களுடையது. புதிதாக வரும் சின்னப் பிள்ளைகளை அங்கே இழுத்துப் போட்டு அடிப்பார்கள். அடிக்கிறவனும் நம் பிள்ளை, அடி வாங்குகிறவனும் நம் பிள்ளை. எனக்கு அதுதான் பெரிய வயிற்றெரிச்சல். ஒரு நாள் சுரேஷ் சட்டைக் காலரில் இரத்தத்தோடு வந்து நின்றான். கேட்டதற்கு விழுந்துவிட்டேன் என்றான். வலது காதில் செவிப்பறை கிழிந்திருந்தது. பள்ளிக்குப் போனேன். கட்டொழுங்கு ஆசிரியர் உட்காரச் சொல்லி, "புடாக்-புடாக் மாயின் சாஜா, புவான்" என்றார். பிள்ளைகள் விளையாட்டாம். விளையாட்டில் காது கிழியுமா என்று எனக்கு வந்த மலாயில் கேட்டேன். அவர் மணியைப் பார்த்தார். மறுநாளிலிருந்து பஸ் ஹாரன் கேட்டாலே சுரேஷ் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

முதலில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர் தனம் அக்கா. தொழிற்சாலை உடுப்போடு வந்தார். சுரேஷின் காதைப் பார்த்து, தன் பிள்ளைக்கு வந்தது போலவே அழுதார். "இன்னிக்கு உன் பிள்ளை, நாளைக்கு என் பிள்ளை. வாயை மூடிக்கிட்டு இருந்தா சரிப்படாது இந்திராணி. நீ வா, வீடு வீடா போவோம்" என்றார். போனோம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் கூடிற்று. ஆளுக்கொன்று சொன்னார்கள். போலீஸ் என்றார் ஒருவர், பிடித்துக் கட்டி வைத்து உதைக்கலாம் என்றார் இன்னொருவர். தனம் அக்கா எழுந்தார். "போலீசு கேசுன்னா ஸ்கூல்லேருந்து தூக்கிடுவான். அப்புறம் அந்தப் பிள்ளை ரோட்டுலதான் நிக்கும். ஆத்தா முன்னால சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும், நான் அடிக்கல, இனிமேலும் அடிக்க மாட்டேன்னு. நம்ம பிள்ளைங்க எங்க வேணா பொய் சொல்லும். ஆத்தாகிட்ட சொல்லாது" என்றார். எல்லாருக்கும் அது பிடித்துப் போயிற்று. யார் மனமும் நோகாமல் முடியும் என்று நம்பினோம்.

வெள்ளிக்கிழமை சாயங்கால பூசை முடிந்ததும், அந்த பஸ்ஸில் போகும் பெரிய பையன்கள் எல்லாரையும் பெற்றவர்களோடு வரச் சொல்லியிருந்தது. கோயில் தலைவர் தாம்பாளத்தில் சூடத்தை ஏற்றினார். யார் முதலில் என்று ஒரு தயக்கம். "என் பிள்ளையிலேருந்து ஆரம்பிங்க ஐயா. அப்பத்தான் நாளைக்கு ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க" என்றார் தனம் அக்கா. பெருமையாகத்தான் சொன்னார். கண்ணன் அப்போது அதே பள்ளியில் படிவம் மூன்று. தலை நிமிர்ந்து பேசாத பையன், கடையிலிருந்து எனக்கு அரிசி மூட்டை தூக்கி வந்து கொடுப்பவன். தாம்பாளத்தின் முன்னால் வந்து நின்றான். கை நீளவில்லை. சூடம் எரிந்து, தானே அணைந்தது. "சூட்டுக்குப் பயந்துட்டான்லா" என்று யாரோ சிரித்தார்கள். தனம் அக்கா இன்னொரு கட்டியைத் தன் கையாலேயே ஏற்றினார். "அடிக்கலன்னு சொல்லிட்டு அணைடா." அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதுவும் எரிந்து முடிந்தது. "யாரைடா?" என்று கேட்டார். அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை. கண்ணன் திரும்பி, என் பக்கத்தில் நின்ற சுரேஷைப் பார்த்தான்.

நான் போய் அவனை அறைந்தேன், கை வலிக்கும்வரை. தனம் அக்கா தடுக்கவில்லை. அறைந்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. செத்தவர் பேரைச் சொல்லி இங்கே நல்ல பேர் வாங்க வருத்தப்படுவதாக நடிக்கவும் மாட்டேன். எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். அடுத்து நிற்க வேண்டிய பையனின் அப்பா, நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம் என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர் மகன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு செருப்பைத் தேடினார். "இது அவங்க குடும்ப விஷயமாப் போச்சு" என்றார் தலைவர். தன் பிள்ளை சூடத்தை அணைப்பானா மாட்டானா என்று பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் நாங்கள் நாலு பேர்தான் இருந்தோம்.

திங்கட்கிழமை காலை அவர் என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். நான் திறக்கவில்லை. "அவனையும் அடிச்சிருக்கானுங்க இந்திராணி. தோட்டத்துலேருந்து வந்த வருஷம் முழுக்க. பந்து பட்டுச்சுன்னு சொன்னான், நானும் நம்பி எண்ணெய் தேய்ச்சு விட்டேன். இப்ப, சின்னவனை நீ அடி, இல்லாட்டி உனக்கு விழும்னு சொல்லி அடிக்க வச்சிருக்கானுங்க. அதுக்காக இவன் செஞ்சது சரின்னு சொல்ல வரல. ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லப் போறேன். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றார். போனேன். அவருக்காகப் போகவில்லை. கண்ணனுக்குத் தண்டனை கிடைப்பதைக் கண்ணால் பார்க்கப் போனேன்.

அதே அறை, அதே கட்டொழுங்கு ஆசிரியர். தனம் அக்கா உட்காரவில்லை. "அனாக் சாயா புக்குல்" என்றார். என் பிள்ளை அடித்தான். தன் பிள்ளையைத் தானே காட்டிக் கொடுக்கும் தாயிடம், விளையாட்டு என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. எழுதிக்கொண்டார். கண்ணன் மற்றவர்கள் பெயரையும் சொன்னான். அவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எல்லாரும் இல்லை என்றார்கள், பெற்றவர்களும் வந்து இல்லை என்றார்கள். கடைசியில் பள்ளியை விட்டு நீக்கப்பட்டது ஒருவன்தான், உண்மையைச் சொன்னவன். கடிதத்தோடு வெளியே வந்து சிற்றுண்டிச் சாலைச் சுவரில் சாய்ந்துகொண்டு தனம் அக்கா என்னைக் கேட்டார்: "பொய் சொல்லுடான்னு நான் அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணுமோ?"

வேறு யாராக இருந்தாலும் வீட்டைக் காலி செய்துகொண்டு தோட்டத்துக்கே போயிருப்பார்கள். தனம் அக்கா இரவு ஷிப்டுக்கு மாறினார். ஒரு நாள் காலை வேலை முடிந்து நேராக என் வாசலுக்கு வந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னோடு பேசவில்லை. உள்ளே பார்த்து, "சுரேஷு, நான் பஸ்ல பின் சீட்டுல உக்காருறேன். நீ எனக்கு முன் சீட்டுல உக்காரு. என்னைத் தாண்டித்தான் எவனும் உன்னைத் தொடணும்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுரேஷ் காலணியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

பஸ் டிரைவர் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். பெரிய பையன்கள் கேலி செய்தார்கள். ஒருவன் அவர் உடுப்பில் துப்பினான். அவர் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்த்து, "பசியாறினியாடா?" என்று கேட்டாராம். சுரேஷ்தான் வந்து சொன்னான். காது கிழிந்த பிறகு அவன் சொன்ன முதல் கதை அது. பல வாரம் அவர் ஒருத்தியாகத்தான் போனார். பிறகு, கோயிலிலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போனவரின் மனைவி ஒரு நாள் ஏறினார். நான் ஏறினேன். முறை வைத்துக்கொண்டோம். பஸ் நிற்கும் இடத்தில் இருவர், பஸ்ஸில் இருவர். தாய்மார்கள் சேர்ந்து திரும்பத் திரும்பப் பள்ளிக்குப் போய் நின்றதில், ஓய்வு நேரத்தில் அடி விழும் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியரை நிறுத்தினார்கள். அப்படியும் சில பிள்ளைகள் அடிபட்டன. ஒரு பிள்ளை பள்ளியையே விட்டுவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் தனம் அக்காவே என்னைத் திட்டுவார்.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டங்களுக்கு எங்களை அழைத்துப் போவார். அடுத்த வருடம் பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்பப் போகிற அம்மாக்களிடம் ஒரே பேச்சுத்தான்: "கேட்டா சொல்ல மாட்டான். குளிக்கிறப்ப முதுகைப் பாருங்க." அடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவார். எனக்கு அதில் சம்மதம் இல்லை, சண்டை போட்டிருக்கிறேன். "அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு ஊரே வரும் இந்திராணி. அடிச்ச பிள்ளை வீட்டுக்கு யாரு போறது?" என்பார். ஓர் அப்பா கதவைத் திறந்து, எங்களை வாசலிலேயே நிறுத்தி, "உன் பிள்ளையை முதல்ல பாரு" என்று கத்தினார். "பார்த்துட்டுத்தான்ணே வரேன்" என்றார் தனம் அக்கா. அந்த மனிதர் நாற்காலி எடுத்துப் போட்டார்.

கண்ணன் வேறு பள்ளிக்குப் போகவில்லை. லாரி உதவியாளாக, கெலின்டானாகச் சேர்ந்து, மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தால் ஒதுங்கி நிற்பான், நானும் கூப்பிட்டதில்லை. சுரேஷ் படிவம் ஐந்தை முடித்து இப்போது தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். வலது காதில் கேட்கும் சக்தி திரும்பி வரவே இல்லை. நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வான், அப்படிப் படுத்தால் அவனுக்கு உலகத்தில் ஒரு சத்தமும் கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பழைய கோபம் அப்படியே வரும். தனம் அக்காவிடம் அதை மறைத்ததில்லை. அவரும் என்னிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனிப்பு நீர் வியாதி முற்றி ஒரு காலை எடுத்த பிறகு அவரால் பஸ் ஏற முடியவில்லை. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இறங்கும் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "போறவன் முகத்தைப் பார்க்காதே, வர்றவன் முகத்தைப் பாரு" என்று எனக்குச் சொல்லித் தந்தது அப்போதுதான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், என்னைக் கண்டதும் கேட்டது, இன்றைக்கு யார் முறை என்பதுதான்.

சுடுகாட்டுக்கு சுரேஷ் போனான். நான் போகச் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. திரும்பி வந்து குளித்துவிட்டு, கண்ணன்தான் கொள்ளி வைத்தான் என்றான். சூடத்தை ஏற்றிக் கொடுத்தபோது இரண்டு முறை அணைந்து போயிற்றாம். "காத்தா?" என்று கேட்டேன். "இல்லம்மா. காத்தே இல்ல" என்றான்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் கண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்னால் கட்டியிருந்தான். அவன் அம்மா ஒரு காலத்தில் நின்ற அதே இடத்தில், கேட்டுக்கு வெளியே நின்றான். "ஆன்ட்டி, லாரி வேலை நின்னுடுச்சு. வேற வேலை கிடைக்கிற வரைக்கும் அம்மா முறையை நான் பார்க்கட்டுமா?" என்றான். தலை நிமிரவில்லை. அவனை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. தனம் அக்கா என்னிடம் விட்டுப்போனது மன்னிப்பு இல்லை, ஒரு கேள்வி. அடித்த பிள்ளை வீட்டுக்கு யார் போவது என்ற அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பிள்ளையே என் வீட்டுக்கு வந்து நின்றது. காது போனவன் இருக்கும்போது நான் யார் பதில் சொல்ல? உள்ளே திரும்பி, சுரேஷின் இடது பக்கமாகப் போய் நின்று கேட்டேன். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு எழுந்து போய் கேட்டைத் திறந்தான்.

"நாற்காலி வேணாம்" என்றான் கண்ணனிடம். "பஸ்ல ஏறு. பின் சீட்டுல உக்காரு. உங்கம்மா உக்காந்த இடத்துல."